வியாழனைப் படமெடுத்த மூன்று நிமிடங்கள்

பிப்ரவரி பதினொன்றாம் தேதி, மாலை ஏழு மணி இருபத்திரண்டு நிமிடத்துக்கு, எங்கள் வீட்டின் பின்புறத்தில், துணி காயப்போடும் கம்பிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில், வியாழன் கிரகம் படம் பிடிக்கப்பட்டது.

மனிதகுல வரலாற்றில் இந்தத் தேதிக்கு உரிய இடம் இன்னும் ஒதுக்கப்படவில்லை. ஒதுக்கப்படும் வரை விவரங்கள் சிதறிப் போய்விடக்கூடாது என்பதற்காகவே இதை எழுதி வைக்கிறேன். நான் ஒரு செய்தித்தாளில் பிழை திருத்துபவன். அடுத்தவர் செய்த பிழையைத் திருத்தியே இருபது வருடம் சாப்பிட்டவன். ஆகவே இந்தக் குறிப்பில் பிழை இருக்க வாய்ப்பில்லை.

படமெடுத்தவர் என் அத்தான், அதாவது என் அக்காவின் கணவர். அவர்கள் கீழே, நான் மாடியில். அத்தான் ஓர் அரசு அலுவலகத்தின் மனுப் பிரிவில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். நூறு மனு வந்தால் தொண்ணூறை நிராகரிப்பார். மீதிப் பத்தையும் நிராகரித்திருப்பார். எல்லாவற்றையும் நிராகரித்தால் பிரிவையே மூடிவிடுவார்கள் என்ற தொலைநோக்கு அவரைத் தடுத்தது. தொலைநோக்கி வாங்குவதற்கு முன்பே அவரிடம் தொலைநோக்கு இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு நிராகரிக்க எதுவும் கிடைக்கவில்லை. முதல் மாதம் காலைச் சட்னியை நிராகரித்தார். இரண்டாம் மாதம் பால்காரர் கொடுத்த பாலை, காரணம் எழுதி, திருப்பி அனுப்பினார். மூன்றாம் மாதம் அக்கா வாய் திறந்தார்.

"என்னங்க, உங்களுக்கு ஏதாவது ஒரு பொழுதுபோக்கு வேணும். வீட்டுக்கு வெளிய இருக்கறதா பாருங்க. எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது."

அத்தான் இதைப் 'பரிசீலித்தார்'. அறுபது கோடி கிலோமீட்டருக்கு அப்பால் வியாழன் இருந்தது.

தொலைநோக்கி வந்தது. இடுப்புயரத்துக்கு வெள்ளைக் குழாய், மூன்று கால், கண் வைக்கும் இடத்தில் செருகிக்கொள்ளச் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கேமரா. கேமராவிலிருந்து ஒரு வயர், மடிக்கணினிக்கு. முதல் மாலை அத்தான் இருபது நிமிடம் பார்த்துவிட்டு, "ஆகாசம் இன்னிக்கு அசாதாரணமா இருட்டா இருக்கு. எழுதிக்கோ மாப்ளே" என்றார். எழுதிக்கொண்டேன்.

துணி எடுக்க வந்த அக்கா, "அந்த மூடியக் கழட்டிப் பாருங்களேன்" என்றார்.

இரண்டாம் மாலை வியாழன் சிக்கியது. திரையில் வெள்ளை வட்டம். நடுவில் ஓட்டை. வியாழனின் மையத்தில் ஓட்டை இருப்பதை இதுவரை எந்த நாடும் அறிவிக்கவில்லை என்பதால், இரண்டு பக்கத்துக்கு ஓர் அறிக்கை தயாரித்தோம். நான் அதில் மூன்று காற்புள்ளிகளைத் திருத்தினேன். மறுநாள் அதைக் கடைத்தெருவில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் காட்டினோம். அவர் பத்து வருடமாகக் கிரகங்களைப் படமெடுப்பவர்.

"ஸார், இது ஃபோகஸ் இல்லாத படம்" என்றார் அவர். "குழாய் வாயில ஒரு சின்னக் கண்ணாடி இருக்குல்ல? அதோட நெழல்தான் இந்த ஓட்டை. பக்கத்துல ஒரு குமிழ் இருக்கும். திருப்புங்க."

மூன்றாம் மாலை குமிழைத் திருப்பினோம். வியாழன் சின்னப் பட்டாணி போலத் திரண்டு வந்து, அரை நிமிடத்தில் திரையின் ஓரத்துக்கு நகர்ந்து காணாமல் போனது. பூமி சுற்றுவதால் அப்படித்தான் போகும், குழாயை மெல்ல நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லி, அதற்கான சின்ன மோட்டார் ஒன்றைக் கொடுத்தார் கடைக்காரர். அத்தான் புண்பட்டுப் போனார். "பூமி இவ்வளவு வேகமா சுத்துதுன்னு நமக்கு யாருமே எழுத்துபூர்வமா தெரிவிக்கலையே!"

இத்தனைக்கும் பிறகு மற்றவர்களாக இருந்தால் விட்டிருப்பார்கள். அத்தானையும் அந்தக் கலையையும் சேர்த்து வைத்தது வேறொன்று. கண்ணாடிக் கடைக்காரர் ஒருநாள், பல்லிடுக்கில் ஒரு ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டு, யாருடைய கண்ணாடிக்கோ கால் மாட்டியபடி, சாவகாசமாகச் சொன்னார்.

"கிரகத்த ஒரே ஃபோட்டோவா எடுத்தா தேறாது ஸார். காத்து அலைபாயும். கொதிக்கிற தண்ணிக்கு அடியில கெடக்கற காசு மாதிரி ஆடும். அதனால மூணு நிமிஷம் வீடியோ எடுக்கணும். அதுல அஞ்சாயிரத்துச் சொச்சம் ஃப்ரேம் இருக்கும். கம்ப்யூட்டர்ல ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. ஒவ்வொண்ணா பாத்து மார்க் போடும். நூத்துக்குப் பத்த மட்டும் வெச்சிட்டு, அத ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி ஒரே படமாக்கிடும்."

"மீதித் தொண்ணூறு?"

"தள்ளிடும்."

"தள்ளுனதுக்குக் காரணம் எழுதணுமா?"

"வேண்டாம் ஸார்."

"மேல்முறையீடு?"

"ஃப்ரேமு எங்க ஸார் மேல்முறையீடு பண்ணும்?"

அத்தானின் கண்கள் கலங்கிவிட்டன. "இது எங்க இருந்துச்சு இவ்வளவு நாளா!" என்றார்.

அந்த வாரமே 'பின்புறக் கோள் படப்பிடிப்புக் கழகம்' நிறுவப்பட்டது. தலைவர் அத்தான். செயலாளர் நான். தொழில்நுட்ப ஆலோசகர் கண்ணாடிக் கடைக்காரர். இது அவருக்கு இன்றுவரை தெரிவிக்கப்படவில்லை. பொதுமக்கள், அக்கா.

கழகத்தின் முதல் விதி அசையாமை. தொலைநோக்கி நின்ற சிமெண்டுத் தரை, சமையலறை வாசலில் தொடங்கிப் பின் கேட் வரை ஒரே பாளமாக ஓடுகிறது. எந்த மூலையில் யார் கால் வைத்தாலும் திரையில் வியாழன் குதிக்கும். ஆகவே, பதிவு நடக்கும் மூன்று நிமிடமும் யாரும் அசையக்கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. கொசு கடித்தால் கடித்து முடிக்கும்வரை பொறுக்க வேண்டும். தும்மல் வந்தால் தலைவரின் முன் அனுமதி பெற வேண்டும். இரண்டாவது பதிவின்போது அக்கா துணிக்கூடையுடன் தரையின் நடுவில் அகப்பட்டுக்கொண்டார். அத்தான் ஒரு கையை மட்டும் உயர்த்தினார். அக்கா ஒற்றைக் காலில் நின்றார். உள்ளே பால் பொங்கியது.

"அடுப்புல பால் வெச்சிருக்கேங்க!"

"நாப்பது செகண்டுதான்."

"பால் நாப்பது செகண்டு தாங்குமா?"

"வியாழன் நானூத்தம்பது கோடி வருஷமா இருக்கு. அது தாங்கலையா?"

பால் தாங்கவில்லை. ஆனால் விதியின் வலிமை அன்று நிரூபணமாயிற்று.

இரண்டாம் தீர்மானம் விளக்கு பற்றியது. எங்கள் பின் கேட்டுக்கு வெளியே ஒரு சந்து. சந்துக்கு ஒரே விளக்கு. விளக்குக்குக் கீழே சாக்கடை மூடிய கற்கள். அதில் ஒன்று பல வருடமாக ஆடிக்கொண்டிருக்கிறது. சந்தின் கடைசி வீட்டில் நர்ஸம்மா இருக்கிறார். ஆஸ்பத்திரியில் சிறுநீரகப் பிரிவு. காலை முழுதும் நின்று, மாலை முழுதும் நின்று, ஏழரை மணி வாக்கில் அந்த வழியாகத்தான் வீடு திரும்புவார்.

வானத்தைப் படமெடுக்க இருட்டு வேண்டும் என்று அத்தான் எங்கோ படித்திருந்தார். அன்றிரவே நகராட்சிக்கு மனு எழுதினார். மனுக்களை எப்படியெல்லாம் நிராகரிக்கலாம் என்று அறிந்த ஒருவர், நிராகரிக்கவே முடியாத ஒரு மனுவை எழுதினால் எப்படியிருக்கும்? 'அறிவியல் வளர்ச்சி', 'மின் சிக்கனம்', 'பூச்சிகளின் நலன்' என மூன்று தலைப்புகள். ஒன்பதே நாளில் உத்தரவு வந்தது. லைன்மேன் ஏணி வைத்துப் பல்பைக் கழற்றி, துணியில் சுற்றி எடுத்துப் போனார்.

மறுநாள் மாலை கேட் தட்டப்பட்டது.

"ஸார், லைட்ட யாரு புடுங்குனது?"

"புடுங்கலம்மா. தற்காலிகமா விலக்கி வைக்கப்பட்டிருக்கு."

"யாருக்காக?"

"வியாழனுக்காக."

"எந்த வீட்டுக்காரரு?"

"கிரகம்மா! மேல இருக்கு."

நர்ஸம்மா மேலே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "அவ்வளவு தூரத்துல இருக்கறவருக்கு எங்க சந்து லைட்டு கண்ணக் கூசுதாமா?"

"இதெல்லாம் தொழில்நுட்பம்."

"ஸார், அந்தக் கல்லு ஆடுது. எந்த மூலையில கால் வெக்கணும்னு பதினோரு வருஷமா பாத்துப் பாத்து வெச்சுப் போறேன். லைட்டு இல்லாம எப்படிப் பாக்குறது? எனக்கு ஏற்கெனவே முட்டி சரியில்ல."

"டார்ச் எடுத்துட்டு வாங்களேன்."

"ஒரு கையில பை, ஒரு கையில சாப்பாட்டு டப்பா. டார்ச்ச வாயில கவ்விக்கவா?" என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க படிச்சவரு. நீங்களாச்சும் சொல்லுங்க."

நான் படித்தவன் என்பதால் எதுவும் சொல்லவில்லை.

"எழுத்துபூர்வமா குடுங்க" என்றார் அத்தான்.

நர்ஸம்மா எழுதியே கொடுத்தார். ஆனால் நகராட்சிக்குத்தான் கொடுத்தார். நகராட்சி அதைப் படித்துவிட்டு, விளக்கை விலக்கச் சொன்ன மனுதாரர் 'ஆட்சேபணை இல்லை' என்று கையெழுத்திட்டால் மீண்டும் பொருத்தலாம் எனக் குறிப்பெழுதி, அத்தானுக்கே அனுப்பிவைத்தது.

ஓய்வு பெற்று எட்டு மாதம் கழித்து வீடு தேடி ஒரு மனு! அத்தான் அன்று சட்டையை மாற்றிக்கொண்டார். மேசையைத் துடைத்தார். மனுவை இரண்டு முறை படித்து, மேலே ஒரு கண்ணாடிக் குண்டை வைத்தார்.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்களேன்" என்றார் அக்கா. "அந்தக் கல்லுல போன வாரம் நானே தடுக்கி விழப் பாத்தேன்."

"பரிசீலனையில இருக்கு."

"எத்தன நாளைக்கு?"

"போட்டி முடியட்டும்."

புதிய கோள் படப்பிடிப்பாளர்களுக்கான போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டிருந்தது. படங்களை அனுப்பக் கடைசி நாள் பிப்ரவரி பதினைந்து.

இதற்கிடையில் ஒரு மாலை கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். கேட்டுக்கு வெளியே அவர் கால் தடுமாறிய சத்தமும் ஒரு கெட்ட வார்த்தையும் முதலில் வந்தன. பிறகு அவர் வந்தார்.

"ஏன் ஸார் சந்து இப்படிக் கும்மிருட்டா கெடக்கு?"

அத்தான் பெருமையுடன் விளக்கினார். உத்தரவின் நகலையும் காட்டினார்.

"கிரகத்துக்கு எதுக்கு ஸார் இருட்டு?" என்றார் கடைக்காரர். "மங்கலா இருக்கற சமாச்சாரம் எடுக்கணும்னா சரி. வியாழன் பல்பு மாதிரி எரியுது. நடுக் கடைத்தெருவுல நின்னு எடுக்கலாம். நான் அங்கதான எடுக்கறேன்! காத்து அசையாம இருந்தா போதும்."

அத்தான் உத்தரவின் நகலை நான்காக மடித்தார். எட்டாகவும் மடித்தார்.

"மாப்ளே, இது ஆலோசகரோட தனிப்பட்ட கருத்து. 'இதர' பகுதியில எழுதிடு."

'இதர' பகுதியில் எழுதினேன். ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதினேன். வாங்கிய உத்தரவு தவறு என்று ஒப்புக்கொள்வது, முப்பத்து மூன்று ஆண்டு அனுபவத்தையே திருப்பிக் கொடுப்பதற்குச் சமம். அத்தகைய துரோகத்துக்கு ஒரு செயலாளர் துணை போக முடியாது. மனு கண்ணாடிக் குண்டின் கீழேயே இருந்தது.

பிப்ரவரி பதினொன்று. காலையிலிருந்து காற்று இல்லை. கம்பியில் துணிகள் வரைந்து வைத்தது போலத் தொங்கின. ஆறரைக்கே குழாயை வெளியே வைத்து, உள்ளே காற்று அலையாதபடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வர விட்டோம். ஏழு இருபதுக்கு அத்தான் குமிழைத் திருப்ப, நான் திரையைப் பார்க்க, வியாழன் வந்து நின்றது.

அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இரண்டு பழுப்புப் பட்டைகள். ஓரத்தில் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இரண்டு எனப் புள்ளி புள்ளியாய் நிலவுகள். பட்டையின் விளிம்பில் ஒரு நெளிவுகூடத் தெரிந்தது. எங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, யாரும் கேட்காமலே, இவ்வளவு நாளும் அது அங்கே இருந்திருக்கிறது. அத்தான் என் தோளைப் பிடித்தார்.

"மாப்ளே," என்றார் மெல்ல, "இதுல எதையுமே நிராகரிக்கத் தோணலையேடா."

ஏழு இருபத்திரண்டுக்குப் பதிவு தொடங்கியது. திரையின் மூலையில் எண் இறங்கியது. நூற்றெண்பது, நூற்று எழுபத்தொன்பது. நாங்கள் மூச்சைக்கூட முறை வைத்து விட்டோம்.

எண் நூறில் இருக்கும்போது வெளியே கல் உரசியது. டப்பா ஒன்று உருண்டு எங்கோ மோதி நின்றது. பின் கேட் 'தடால்' என்று அதிர, திரையில் வியாழன் துள்ளியது.

"அம்மா!" என்றது ஒரு குரல்.

அத்தான் ஒரு கையை உயர்த்தினார். "அசையாத. நூறு செகண்டுதான்."

வியாழன் ஆடி ஆடி நிலைக்கு வந்தது. முன்னைவிடத் தெளிவாக நின்றது.

"யாராச்சும் இருக்கீங்களா?"

கேட் எனக்கு எட்டுக் காலடி தூரம். பிறகு அளந்து பார்த்தேன்.

"கையி... கைய ஊன முடியல. தம்பி, உள்ள வெளிச்சம் தெரியுதே. இருக்கீங்களா தம்பி?"

கேட்டின் அடி இடுக்கு வழியாக எங்கள் மடிக்கணினியின் வெளிச்சம் சந்தில் விழுந்திருக்க வேண்டும். அன்று அந்தச் சந்தில் இருந்த ஒரே வெளிச்சம் அதுதான். நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் திரையைப் பார்த்தார். நானும் திரையைப் பார்த்தேன். எண்பது. எழுபது. அறுபது. விதி ஒன்று இருந்தது. அதைத் தெளிவான கையெழுத்தில் எழுதி வைத்தவன் நான்.

உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நின்றது. அடுத்த நொடி அக்கா சமையலறையிலிருந்து வெறுங்காலோடு ஓடி வந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து, வயரைத் தாண்டி, தரை அதிர அதிர ஓடினார்.

"போச்சு!" என்றார் அத்தான். "ஐம்பத்தொரு செகண்டு இருக்கு! போச்சு!"

அக்கா கேட்டைத் திறந்தார். குனிந்தார். திரும்பி என்னைப் பார்த்து, "டேய்! மரமாட்டம் நிக்கறியே, வாடா இங்க!" என்றார்.

மீதி ஐம்பத்தொரு விநாடியும் முடிந்ததும் நாங்கள் விரைந்து சென்றோம். 'விரைந்து' என்ற சொல்லைக் குறிப்பேட்டில் சேர்க்கும்படி தலைவர் பின்னர் கேட்டுக்கொண்டார்.

மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. அக்கா தன் புடவை முந்தானையால் நர்ஸம்மாவின் கையைத் தோளோடு சேர்த்துக் கட்டியிருந்தார். வண்டியில் ஏறும்போது நர்ஸம்மா அத்தானைப் பார்த்து, "ட்யூட்டி முடிஞ்சு வந்தவள மறுபடி அங்கயே அனுப்புறீங்களே ஸார்" என்றார். சிரிக்கத்தான் முயன்றார். பாதியில் வலி வந்துவிட்டது.

மறுநாள் காலை பதிவை மென்பொருளிடம் கொடுத்தோம். அது ஐயாயிரத்து நானூறு துண்டுப் படங்களையும் வரிசையாகப் பார்த்து மதிப்பெண் போட்டு, ஒரு கோடு வரைந்து காட்டியது. தெளிவான படங்களுக்குக் கோடு ஏறும், கலங்கியவற்றுக்கு இறங்கும். கோட்டில் இரண்டு இடத்தில் மட்டும் ஆழமான பள்ளம். முதல் பள்ளம் நர்ஸம்மா விழுந்தது. இரண்டாவது அக்கா ஓடியது. மென்பொருள் இரண்டையும் நிராகரித்தது. காரணம் எழுதவில்லை.

படம் இரண்டாம் பரிசு பெற்றது. 'ஆரம்ப நிலையிலேயே இத்தகைய அசைவின்மை போற்றத்தக்கது' என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். சான்றிதழில் தலைவர், செயலாளர் இருவர் பெயர்களும் பிழையின்றி அச்சாகியிருந்தன. சுவரில் ஆணி அடிக்க அத்தான் சுத்தியல் கேட்டார். அக்கா கொடுக்கவில்லை. அக்கா அவருடன் பேசியே பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. என்னுடனும்தான். மேசையில் கண்ணாடிக் குண்டு மட்டும் இருந்தது. அதன் கீழே இருந்த மனுவை அக்கா எடுத்து, அத்தானின் கையெழுத்தைத் தானே போட்டு, நகராட்சியில் கொடுத்துவிட்டிருந்தார். பார்த்தேன். அச்சு அசலாக இருந்தது. திருத்த ஒன்றுமில்லை.

பிப்ரவரி இருபத்து மூன்றாம் தேதி அதே லைன்மேன் அதே ஏணியோடு வந்து பல்பை மாட்டினார். கல்லைப் பற்றித் தனக்குத் தகவல் இல்லை என்றார். அன்று மாலை, விளக்கு எரிய எரிய, அத்தான் அதே இடத்தில் மீண்டும் ஒருமுறை வியாழனைப் படமெடுத்தார். முந்தையதைவிட இது தெளிவாக இருந்தது. அவர் அதை யாருக்கும் அனுப்பவில்லை.

நர்ஸம்மா ஆறு வாரம் விடுப்பில் இருந்தார். இப்போது பெரிய தெருவைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

பரிசு பெற்ற படத்தின் விவரங்களைப் போட்டி விதிப்படி நான்தான் பூர்த்தி செய்து அனுப்பினேன். எல்லாம் சரிபார்க்கப்பட்டவை. பதிவான துண்டுப் படங்கள் ஐயாயிரத்து நானூறு. மென்பொருள் தேர்ந்தெடுத்தவை ஐந்நூற்று நாற்பது. அவற்றில் முந்நூற்றுப் பதினேழு, நர்ஸம்மா கேட்டுக்கு வெளியே கூப்பிட்டுக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் அசையாமல் நின்ற விநாடிகளில் எடுக்கப்பட்டவை.